செங்கல் ஷெல் கூரை: வளைவை எப்படித் தேர்ந்தெடுப்பது, 12 மீட்டரிலிருந்து 40 மீட்டருக்கு எப்படிப் போவது?

வளைகோடு கேட்டது:

வணக்கம். கம்பி வைத்துக் கட்டும் செங்கல் ஷெல் (மெல்லிய ஓடுபோல் வளைந்த) கூரைகளைப் பற்றிப் படித்துவருகிறேன். பயிற்சிக்காக ஒரு கூரையை நானே கணக்கிட்டுப் பார்க்கலாம் என்று தொடங்கினேன். ஸ்பான் (இரு அடிகளுக்கும் இடையே உள்ள தூரம்) 12 மீட்டர், நடுவில் எழுச்சி (அடியிலிருந்து முகட்டின் உயரம்) 3 மீட்டர், 10 செ.மீ. தடிமனில் ஒற்றை வரிச் செங்கல், அதன்மேல் 3 செ.மீ. சிமெண்ட் சாந்துப் பூச்சு என்று வைத்துக்கொண்டேன்.

வட்ட வில்லாக எடுத்துக்கொண்டால் முழு நீளத்துக்கும் ஒரே ஆரம் என்பதால் சென்டரிங் செய்வது எளிது. ஆனால் படித்த இடங்களிலெல்லாம் சங்கிலி வளைவைத்தான் (தொங்கும் சங்கிலியின் வடிவத்தைத் தலைகீழாக்கியது) வற்புறுத்துகிறார்கள். வட்டம், பரவளையம், சங்கிலி வளைவு ஆகிய மூன்றையும் ஒரே ஸ்பானுக்கும் ஒரே எழுச்சிக்கும் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து பார்த்தேன். கோடுகள் ஏறத்தாழ ஒட்டிக்கொண்டே போகின்றன. இவ்வளவு சிறிய வேறுபாட்டுக்காக மெனக்கெட வேண்டுமா? உள்ளே கம்பிதான் இருக்கிறதே, மீதியை அது பார்த்துக்கொள்ளாதா?

இன்னொரு ஐயம். அழுத்தத் தகைவை (அலகுப் பரப்பில் வரும் அமுக்க விசையை) கணக்கிட்டால் நம்ப முடியாத அளவுக்குச் சிறிய எண் வருகிறது. அப்படியானால் இதே 13 செ.மீ. தடிமனோடு 40 மீட்டர் ஸ்பான் வரை போய்விடலாமே. உருகுவே நாட்டுப் பொறியாளர் எலாடியோ டியஸ்டே அதைவிடப் பெரிய ஸ்பான்களையும் மெல்லிய செங்கல் ஷெல்லால் மூடியிருக்கிறார் என்று தெரியும். ஆனால் அவருடைய பெரிய கூரைகள் எல்லாம் ஏன் அலை அலையாக இருக்கின்றன என்பது விளங்கவில்லை. அது அழகுக்காகவா?

---

தூக்குக்குண்டு எழுதியது:

திரையில் ஒட்டியதுபோல் தெரியும் கோடுகளை ஷெல்லின் தடிமனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்; 12 மீட்டர் ஸ்பானோடு ஒப்பிட்டால் எந்த வேறுபாடும் சிறியதாகத்தான் தோன்றும். உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். நடுமுகட்டிலிருந்து 3 மீட்டர் தள்ளி, அதாவது ஸ்பானின் கால் புள்ளியில், வளைவு முகட்டைவிட எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். சங்கிலி வளைவில் இந்த இறக்கம் 71 செ.மீ.; பரவளையத்தில் 75 செ.மீ.; 7.5 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் ஏறத்தாழ 62.6 செ.மீ. ஆகப் பரவளையம் சங்கிலி வளைவிலிருந்து 4 செ.மீ. கீழேயும், வட்டம் 8 செ.மீ.க்கும் சற்றுக் கூடுதலாக மேலேயும் விலகி நிற்கின்றன.

இனி 13 செ.மீ. தடிமனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே சீரான தடிமனுள்ள ஷெல்லின் சொந்த எடை உண்டாக்கும் அமுக்க விசையின் பாதை சங்கிலி வளைவாகத்தான் அமையும். அந்தப் பாதை தடிமனின் நடுவே உள்ள மூன்றில் ஒரு பங்குக்குள், அதாவது மையக் கோட்டிலிருந்து இருபுறமும் 2.2 செ.மீ.க்குள், இருந்தால்தான் குறுக்குவெட்டு முழுவதும் அமுக்கத்திலேயே இருக்கும், 6.5 செ.மீ.யைத் தாண்டினால் பாதை செங்கல்லை விட்டே வெளியே போய்விட்டது என்று பொருள். முகட்டிலும் இரு அடிகளிலும் மையத்தில் பொருத்தி வரைந்தால் வட்டக் கூரையில் பாதை வெளியே போகிறது. விசைப் பாதையைச் சற்று மேலும் கீழும் நகர்த்தி விலகலை ஏறத்தாழப் பாதியாகப் பகிர்ந்துகொள்ள முடியும் என்பது உண்மைதான். அப்படிச் செய்தாலும் வட்டத்தில் 4 செ.மீ. விலகல் மிஞ்சுகிறது, பரவளையத்தில் நடுப் பங்கின் எல்லையை ஒட்டி நிற்கிறோம். காற்றோ, ஆளோ, ஒரு மூட்டை மணலோ மேலே வருவதற்கு முன்பே, தன் எடையை மட்டும் தாங்கி நிற்கும் நிலையிலேயே, வட்டக் கூரை விரிசலுக்கு ஆயத்தமாக இருக்கிறது.

கம்பி பார்த்துக்கொள்ளாதா என்ற கேள்விக்கு என் பதில், பார்த்துக்கொள்ளும், ஆனால் அந்த வேலைக்கு அதைச் செலவழிப்பது வீண் என்பதுதான். சொந்த எடை நாளெல்லாம் ஆண்டெல்லாம் இருக்கும் சுமை. அதற்கு விடை வடிவத்திலேயே இலவசமாகக் கிடைக்கும்போது கம்பியைக் கொண்டு விடை தேட வேண்டியதில்லை. ஒரு பக்கம் மட்டும் வரும் சுமையை எந்த ஒற்றை வளைவும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது. கம்பி அங்கேதான் தேவைப்படுகிறது.

அதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 10 செ.மீ. செங்கல்லும் 3 செ.மீ. பூச்சும் சேர்ந்து சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2.6 கிலோநியூட்டன் எடை தரும். சங்கிலி வளைவுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: அதன் சமன்பாட்டில் வரும் ஒரே மாறிலியை அலகு நீள எடையால் பெருக்கினாலே கிடைமட்ட உந்துவிசை, அதாவது கூரை தன் அடிகளை வெளிநோக்கித் தள்ளும் விசை, வந்துவிடும். உங்கள் ஸ்பானுக்கும் எழுச்சிக்கும் அந்த மாறிலி 6.45 மீட்டர், எனவே மீட்டர் நீளத்துக்கு உந்துவிசை 16.8 கிலோநியூட்டன். இப்போது சதுர மீட்டருக்கு 0.75 கிலோநியூட்டன் சுமை கூரையின் ஒரு பாதியில் மட்டும் வருவதாக வைத்துக்கொள்வோம். கால் புள்ளியில் வளைவுத் திருப்புத்திறன் (ஷெல்லை வளைக்க முயலும் விளைவு) மீட்டருக்கு ஏறத்தாழ 1.7 கிலோநியூட்டன் மீட்டர். கூடவே இருக்கும் அமுக்க விசை 19 கிலோநியூட்டன். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் விசைப் பாதை மையத்திலிருந்து 9 செ.மீ. விலகுகிறது. சங்கிலி வளைவாகவே கட்டியிருந்தாலும் இந்தச் சுமையின்கீழ் பாதை ஷெல்லுக்கு வெளியே போகிறது. ஆகவே கம்பி இல்லாமல் 13 செ.மீ. ஷெல் நிற்காது. ஆனால் தேவைப்படும் இழுவிசை மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் அளவுதான். 25 செ.மீ.க்கு ஒரு இணைப்பில் ஒரு 6 மி.மீ. கம்பி வீதம் வைத்தாலே அதற்குத் தாராளமாகப் போதும்.

வளைவை வரைவதற்கு ஹைப்பர்பாலிக் கொசைன் அட்டவணை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பத்தில் ஒரு பங்கு அளவில், 1.2 மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆணிகளை ஒரே மட்டத்தில் அடித்து, இரு ஆணிகளுக்கும் இடையே 1.38 மீட்டர் நீளம் இருக்கும்படி ஒரு மெல்லிய சங்கிலியைத் தொங்கவிடுங்கள். நடுவில் அது 30 செ.மீ. தொய்யும். அதைப் பலகையில் படி எடுத்துத் தலைகீழாகத் திருப்பினால் உங்கள் கூரை கிடைத்துவிடும். இந்த வளைவின் சமன்பாட்டை ஹைகன்ஸ், லைப்னிட்ஸ், யோஹான் பெர்னூலி ஆகியோர் 1691இல்தான் கண்டறிந்தார்கள் என்பதையும், அதற்கு நெடுங்காலம் முன்பே கொத்தனார்கள் நல்ல கமான்களைக் கட்டிவந்தார்கள் என்பதையும் நினைத்தால், கணக்கைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

---

நெளிகூரை எழுதியது:

தூக்குக்குண்டு முதல் பாதியைத் தெளிவாக்கிவிட்டார். இரண்டாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

தகைவு சிறியது என்று நீங்கள் சொன்னது சரி. 12 மீட்டரில் 16.8 கிலோநியூட்டனை 13 செ.மீ. தடிமனில் பரப்பினால் 0.13 மெகாபாஸ்கல்தான் வருகிறது. 40 மீட்டர் ஸ்பானுக்கு 5 மீட்டர் எழுச்சி வைத்தால் உந்துவிசை ஏறத்தாழ 104 கிலோநியூட்டன், தகைவு 0.8 மெகாபாஸ்கல். நல்ல செங்கல் கட்டுமானம் இதைப்போல் பல மடங்கைத் தாங்கும். ஆனால் மெல்லிய வளைகூரை நொறுங்கி விழுவதைவிட, ஒரு பாதி உள்ளே அமிழ்ந்து மறு பாதி வெளியே புடைத்து, பக்கவாட்டில் நெளிந்து விழுவதற்கே கூடுதல் வாய்ப்பு. பக்லிங் எனப்படும் இந்தத் தோல்விக்குப் பொருளின் வலிமை ஒரு பொருட்டே இல்லை. விறைப்பும் நீளமும்தான் கணக்கு.

தோராயமாகப் பார்ப்போம். வில்லின் பாதி நீளத்தை ஒரு தூணாகக் கருதி, தூண் எந்த விசையில் நெளியும் என்று சொல்லும் ஆய்லரின் சூத்திரத்தில் இடுங்கள். செங்கல் கட்டுமானத்தின் மீட்சிக் குணகத்தை (பொருளின் விறைப்பைக் காட்டும் எண்) 3 கிகாபாஸ்கல் என்று கொண்டால், உங்கள் 12 மீட்டர் கூரை மீட்டருக்கு 114 கிலோநியூட்டன் அளவில்தான் நெளியும். சொந்த எடையோடு அந்த 0.75 கிலோநியூட்டன் சுமையும் கூரை முழுவதும் வரும் முழுச் சுமையிலும் இருக்கும் உந்துவிசை 21 கிலோநியூட்டன். நெடுங்காலச் சுமையில் சாந்து மெல்லத் தளர்ந்து குணகம் பாதியாகக் குறைந்தாலும் இரண்டரை மடங்குக்கு மேல் இடைவெளி இருக்கிறது. விரிசலால் விறைப்பு மேலும் குறையும் என்பதால் இதைத் தாராளம் என்று சொல்ல மாட்டேன், போதும் என்று சொல்வேன். இதே 13 செ.மீ.யை 40 மீட்டருக்கு நீட்டினால் நெளியும் விசை வெறும் 12.5 கிலோநியூட்டனாகச் சுருங்கிவிடுகிறது. தேவையோ 104. சென்டரிங்கை இறக்கும்போதே கதை முடிந்துவிடும்.

தடிமனைக் கூட்டித் தப்பிக்கலாமா என்றால், தடிமனோடு எடையும் உந்துவிசையும் கூடுகின்றன. விறைப்பு தடிமனின் முப்படிக்கு ஏற்பக் கூடினாலும், எடையைக் கழித்தால் மிஞ்சும் ஆதாயம் வர்க்கம் மட்டுமே. கணக்குப் போட்டால் சமநிலைக்கே ஏறத்தாழ 40 செ.மீ. வேண்டியிருக்கும், பாதுகாப்புக்கு அதைவிட எவ்வளவோ கூடுதலாக வேண்டும். அது ஷெல்லே இல்லை.

டியஸ்டேயின் அலைக்குக் காரணம் இதுதான். தடிமனை அப்படியே வைத்துக்கொண்டு, குறுக்குவெட்டை அலையாக மடித்தால் கூரையின் ஆழம் கூடிவிடுகிறது. முகட்டில் அலையின் மொத்த உயரம் 1 மீட்டர் என்று வையுங்கள். அடியை நோக்கிச் செல்லச் செல்ல அலை தணிந்து, கூரை உட்காரும் இடத்தில் நேர்கோடாகிவிடுகிறது. நெளிவினால் வரும் வளைவு மிகுந்திருக்கும் கால் புள்ளியில் அலையின் உயரம் 75 செ.மீ. இருக்கும், அங்கே நிலைமத் திருப்புத்திறன் (குறுக்குவெட்டின் வடிவம் தரும் விறைப்பு) தட்டையான 13 செ.மீ. ஷெல்லைப்போல் ஏறத்தாழ 50 மடங்கு. நெளியும் விசை 12.5இலிருந்து 600ஐத் தாண்டுகிறது. செங்கல் எண்ணிக்கை கூடுவது மிகச் சிறிதளவே.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம், அலையைக் கண்டபடி வரையாமல், ஒரே ஸ்பானும் வெவ்வேறு எழுச்சியும் கொண்ட சங்கிலி வளைவுகளின் வரிசையாக அமைத்திருப்பது. அலையின் மேட்டிலும் பள்ளத்திலும் இடைப்பட்ட இடத்திலும் கூரையை ஸ்பான் திசையில் அறுத்துப் பார்த்தால், ஒவ்வொரு கீற்றும் தன் எடையைத் தானே அமுக்கத்தால் சுமக்கும் ஒரு சங்கிலி வளைவு. விறைப்புக்காகச் செய்த மாற்றம் விசைப் பாதையைக் கெடுக்கவில்லை. ஆனால் முற்றிலும் தூய்மையான தீர்வு என்று நினைத்துவிடாதீர்கள்: எழுச்சி குறைந்த பள்ளக் கீற்று மேட்டுக் கீற்றைவிடக் கூடுதலாக உந்தும். மேடு 5.5, பள்ளம் 4.5 மீட்டர் என்றால் உந்துவிசைகள் முறையே ஏறத்தாழ 95, 116 கிலோநியூட்டன். இந்த வேறுபாட்டை ஷெல்லும் அடியிலுள்ள விளிம்பு உத்திரமும் தமக்குள் பகிர்ந்து சமன்செய்ய வேண்டும். அங்கே குறுக்குக் கம்பியைச் சிக்கனப்படுத்தக் கூடாது.

அழகுக்காகவா என்று கேட்டீர்கள். மொண்டேவிடியோ துறைமுகத்தில் தீயில் சேதமடைந்த ஒரு சரக்குக் கிடங்கின் பழைய சுவர்களை இடிக்காமல் வைத்துக்கொண்டு, 1977 முதல் 1979 வரையிலான பணியில் ஏறத்தாழ 50 மீட்டர் ஸ்பானில் இத்தகைய கூரையை அவர் போட்டார். அலைகளைத் தொடர்ச்சியாக இணைக்காமல், ஒவ்வொரு ஷெல்லின் குறுக்குவெட்டையும் சாய்ந்த நெளிவாக வைத்து, அடுத்தடுத்த ஷெல்களின் உயர வேறுபாட்டில் கண்ணாடி பதித்து வெளிச்சம் வரச் செய்திருக்கிறார். பக்லிங்குக்குத் தேவைப்பட்ட அதே ஆழம் சாளரமாகவும் பயன்பட்டிருக்கிறது. எனக்கு அது அழகாகத்தான் தெரிகிறது.

---

வளைகோடு எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. கால் புள்ளியில் 8 செ.மீ. என்பதைக் கண்டதும் வட்டத்தைக் கைவிட்டேன். இப்போது உந்துவிசையை எங்கே கொண்டுபோய் விடுவது என்று யோசிக்கிறேன். அறையின் குறுக்கே இழுகம்பி (இரு அடிகளும் விலகாமல் இழுத்துப் பிடிக்கும் கம்பி) போட எனக்கு மனமில்லை. டியஸ்டேயின் படங்கள் பலவற்றில் இழுகம்பியே தெரிவதில்லையே? கட்டும்போது செங்கற்களுக்கிடையே கம்பியை எப்படிப் பதிக்கிறார்கள் என்பதையும் யாராவது விளக்கினால் உதவியாக இருக்கும்.

---

கரணை எழுதியது:

இழுகம்பி தெரியாத இடங்களிலும் இழுவிசை இருக்கிறது. அது எங்கோ ஒளிந்திருக்கிறது. 1958 முதல் 1960 வரை கட்டப்பட்டு, 2021இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த, டியஸ்டேயின் அத்லாந்திதா தேவாலயத்தில், இழுகம்பிகள் கூரை அலையின் பள்ளங்களுக்குள்ளேயே மறைந்து செல்கின்றன. அங்கே சுவரும் வெறும் சுவரில்லை: தரையில் நேர்கோடாகத் தொடங்கி உச்சியில் அலையாக முடிகிறது, இரண்டையும் இணைப்பவை நேர்கோடுகளே என்பதால் கொத்தனார் நூல் பிடித்து அதைக் கட்ட முடியும்.

இன்னொரு வழி, உருகுவேயின் சால்டோ நகரில் டியஸ்டே கட்டிய பேருந்து நிலையத்தில் உள்ளதுபோல, வளைகூரையை நீளவாக்கில் ஒரு உத்திரமாக வேலை செய்யவிடுவது. அங்கே நடுவில் ஒரே ஒரு தூண் வரிசைதான். கூரை இருபுறமும் ஏறத்தாழ 12 மீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கிறது. பக்கத்துப் பக்கத்து வளைவுகளின் உந்துவிசைகள் ஒன்றையொன்று தள்ளிச் சமனாகிவிடுகின்றன. கடைசி வளைவின் வெளி விளிம்பில் மட்டும் தள்ளுவதற்கு எதிராள் இல்லை என்பதால், ஒரு கிடைமட்டப் பலகம் அந்த உந்துதலைத் தூண்களுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நீட்டிக்கொண்டிருக்கும் கூரையின் மேற்புறம் இழுவிசையில் இருக்குமாதலால் அங்கே முன்தகைவு (கம்பியை முன்கூட்டியே இழுத்து முறுக்கி ஷெல்லை அமுக்கத்தில் வைப்பது) தேவை. அதற்கு டியஸ்டே கையாண்ட முறை மிக எளியது: முனைகளில் நங்கூரமிட்ட கம்பி வளையத்தை ஷெல்லின் முதுகில் கிடத்தி, அதன் இரு இழைகளையும் நடுவில் ஜாக்கியால் ஒன்றையொன்று நோக்கி நெருக்கினால் கம்பி நீண்டு முறுக்கேறும், பிறகு சாந்தால் மூடிவிடுவது.

உங்கள் 12 மீட்டர் கூரை ஒற்றை வளைவு என்பதால் இந்த வழி பொருந்தாது. மனமில்லாவிட்டாலும் இழுகம்பியே சிக்கனம். 4 மீட்டருக்கு ஒன்று வைத்தால் ஒவ்வொன்றிலும் 85 கிலோநியூட்டன் வரும், 25 மி.மீ. கம்பி போதும். முழுச் சுமையில் அது 10 மி.மீ. நீளும், முகடு 6, 7 மி.மீ. இறங்கும். ஆகவே சென்டரிங்கை இறக்கும் முன்பே திருகி முறுக்கிவிடுங்கள். எழுச்சி குறைந்த கூரையில் இந்த இறக்கம் இன்னும் பெரிதாகும் என்பதால் 40 மீட்டர்க் கணக்கில் இதை மறந்துவிடக் கூடாது.

இனிக் கம்பி. வழக்கமான சுவரைப்போல் இணைப்புகளை மாற்றி மாற்றி வைத்தால் ஒரு திசையில் கம்பி நேராகப் போக வழி இருக்காது. எனவே இரு திசைகளிலும் இணைப்புகள் ஒரே நேர்கோட்டில் வரும்படி செங்கற்களைக் கட்டம் கட்டமாகச் சென்டரிங் பலகையின்மேல் அடுக்குகிறார்கள். பலகையில் மெல்லிய மரச் சட்டங்கள் அடித்திருந்தால் ஒவ்வொரு செங்கல்லும் தன் இடத்தில் உட்காரும், சாந்தும் கீழ்முகம்வரை வழிந்து செங்கல்லின் முகத்தைக் கறைப்படுத்தாது. பிறகு இடைச்சந்தில் கம்பியை வைத்து, சாந்தைக் குத்திக் குத்தி நிரப்ப வேண்டும். சந்தின் அகலம் கம்பியின் விட்டத்தைவிடக் குறைந்தது 5 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய நெறிமுறை கேட்கிறது. இரு திசைக் கம்பிகளும் குறுக்கிடும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று உட்காரவேண்டும் என்பதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். செங்கல்லை நன்றாக நனைத்த பின்பே வைக்க வேண்டும். காய்ந்த செங்கல் சாந்தின் நீரை உறிஞ்சிக் கம்பியைச் சுற்றிப் பொருபொருவென்று விட்டுவிடும். அப்படிப்பட்ட சாந்துக்குள் கம்பி இருந்தும் இல்லாததுபோல்தான்.

தூக்குக்குண்டின் கணக்கில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். செங்கல்லின் நடுவில் வைத்த கம்பி கீழ்முகத்திலிருந்து 5 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. கீழ்முகம் இழுபடும் இடத்தில் மேலேயுள்ள அமுக்கப் பகுதிக்கும் கம்பிக்கும் இடையே 8 செ.மீ. கிடைக்கும், மேல்முகம் இழுபடும் இடத்தில் கிடைப்பது வெறும் 5 செ.மீ. ஒரு பாதியில் சுமை வந்தால் இந்த இரண்டு நிலையும் ஒரே கூரையில் ஒரே நேரத்தில் ஏற்படும். 3 செ.மீ. மேற்பூச்சுக்குள் மெல்லிய கம்பி வலை வைப்பது அதற்காகத்தான். விரிசலைத் தடுக்க மட்டுமே வலை என்று எண்ணிப் பூச்சைக் கடைசியில் வலையில்லாமல் தேய்த்துவிட்டால், சுமை ஏறாத பாதியில் கூரை புடைக்கும்போது பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. 4 மி.மீ. கம்பியில் 15 செ.மீ. கண்ணுள்ள வலை உங்கள் கூரைக்குப் போதும்.

---

நெளிகூரை எழுதியது:

கரணை சொன்னதோடு ஒரு சிறு மறுப்பு. நனைத்த செங்கல் என்றால் நீர் சொட்டும் செங்கல் என்று சிலர் புரிந்துகொள்கிறார்கள். மேற்பரப்பு உலர்ந்து உள்ளே ஈரம் இருப்பதே சரியான நிலை. செங்கல் சாந்திலிருந்து ஓரளவு நீரை இழுத்துக்கொள்வது நன்மைதான். ஊற்றுவதற்காகச் சேர்த்த கூடுதல் நீர் வெளியேறுவதால் சாந்து விரைவில் இறுகுகிறது. ஷெல்லின் பெரும்பகுதி ஏற்கெனவே சுட்டு இறுகிய செங்கல் என்பதாலும், இறுக வேண்டியது சந்திலுள்ள சாந்து மட்டுமே என்பதாலும், கான்கிரீட் ஷெல்லைவிட மிக முன்பாகவே சென்டரிங்கை இறக்க முடிகிறது. தண்டவாளத்தில் நகரும் ஒரே ஒரு சென்டரிங்கை இறக்கி, அடுத்த பகுதிக்குத் தள்ளி, மறுபடி உயர்த்திக் கட்டுவதுதான் இந்த முறையின் பொருளாதாரமே. அலைக்கூரையின் சென்டரிங் செலவு மிகுந்தது. ஒரு முழு அலைக்கு ஒன்று செய்து அதையே பலமுறை பயன்படுத்தினால் மட்டும்தான் கட்டுப்படியாகும். ஆகவே வளைகோடு அவர்களே, 12 மீட்டரில் ஒற்றை அறைக்கு அலை வேண்டாம். எளிய சங்கிலி வளைவே போதும். இறக்கும்போது முகட்டில் தொடங்கி இருபுறமும் சமமாக, சிறிது சிறிதாக இறக்குங்கள். ஒரு பக்கத்தை முதலில் விடுவித்தால், பாதிக் கூரைச் சுமையைவிட மோசமான நிலையைப் பச்சைச் சாந்து தாங்க வேண்டியிருக்கும்.